எதிர்வீட்டுக்குப் போன சொதி

பிப்ரவரி 12, ஞாயிறு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பல்களைக் கத்தரிக்காய் மாதிரிக் காம்பைப் பிடித்துத் தூக்கி வைத்த உலகநாதனாகிய நான், இன்று முதல் எழுதப் போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். நம்பாதவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. என் தங்கை பிள்ளைகள் நான் மணி பத்து என்று சொன்னாலே கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள். ஆகவே பழக்கம்தான்.

நம்ப முடியாத அந்தச் செய்தி இதுதான்: நான் சமைக்கப் போகிறேன்.

காரணம் எதிர்வீடு. இரண்டாவது மாடியில் என் வாசலும் ரெஜினால்ட் பர்னாந்து வாசலும் முகத்துக்கு முகம். நான் தூக்கிய மூட்டைகளை எண்ணி எழுதியவன் அவன். நான் ஆயிரம் தூக்கினால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதுவான். அப்படி ஒரு நியாயஸ்தன். அவன் மனைவி ரொசாலி தை பிறந்த கையோடு போய்விட்டாள். ஒரே வாரக் காய்ச்சல்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்குப் பெண் கொடுக்கும் அளவுக்கு எந்த ராஜாவுக்கும் அந்தஸ்து இல்லை. வார நாளில் மெஸ் சாப்பாடு. ஞாயிறு மத்தியானம் மட்டும் நான் கடற்பறவை. "அண்ணாச்சி, இலை போட்டாச்சு" என்று ரொசாலியின் குரல் வரும். நானும் மீனும் எதிர்வீட்டு மேஜையில் சந்தித்துக்கொள்வோம்.

இன்று ஞாயிறு. கால் பழக்கத்தில் ஒரு மணிக்கு வெளியே போய் நின்றது. மணம் ஒன்றும் வரவில்லை. கதவு திறந்திருந்தது. ரெஜினால்ட் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். மேஜையில் ஒன்றுமில்லை.

"தின்னீரா வே?" என்றேன் வாசலில் நின்றபடி.

"ஆச்சு."

"என்ன தின்னீரு?"

"கேள்வி கேக்கதுக்குன்னே வருவீரா?"

சட்டைக் காலருக்குள் அவன் கழுத்து, உரலுக்குள் போட்ட உலக்கை மாதிரி நின்றது. நான் உள்ளே போகவில்லை. வேலை இருந்தது.

சாயங்காலம் அவன் மகன் பிரின்ஸ்டன் மஸ்கட்டிலிருந்து போனில் பேசினான். "மாமா, டாக்டர்ட்ட கேட்டேன். வியாதின்னு பெருசா ஒண்ணுமில்லையாம். ஆனா இப்படியே சாப்பிடாம இருந்தா ஆளு தங்க மாட்டாவளாம். இங்க கூப்பிட்டா வர மாட்டேங்காவ. நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கிடணும்."

"ஒரே மாசத்துல உங்கப்பனை யானையாக்கி கார்கோவில ஏத்தி அனுப்புதேன். பெரிய பெட்டியா ரெடி பண்ணி வை" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று சொதி. எங்கள் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில் மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் தேங்காய்ப்பால் குழம்பு. நான் மாப்பிள்ளையே ஆகாமல் நேரே மறுநாளுக்கு வந்துவிட்டேன்.

நாலாயிரம் தேங்காய் துருவினேன். இலங்கை வரைக்கும் தென்னை மரங்கள் என் பெயரைக் கேட்டு மட்டையை ஒடுக்கிக்கொண்டன. முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், கொதிக்க விடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். முதல் பாலுக்குத் தெரியவில்லை. திரிந்துவிட்டது. பரவாயில்லை, திரிந்த பாலைத்தான் வெள்ளைக்காரன் காசு கொடுத்து வாங்கித் தின்கிறான்.

இனி என் சூழ்ச்சியை எழுதுகிறேன். ரொசாலி யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தந்தவள் அல்ல. காலிப் பாத்திரம் திரும்பிப் போனால் கொடுத்த வீட்டுக்குக் குறை வரும் என்பது அவள் கட்சி. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனி. ரெஜினால்ட் வேதாகமத்தை மீறினாலும் மீறுவான், ரொசாலி சொன்னதை மீற மாட்டான். ஆக, நான் தூக்குச்சட்டி நிறையச் சொதி அனுப்பினால், அவன் அதில் எதையாவது போட்டுத் திருப்ப வேண்டும். எதையாவது போட அவன் சமையல்கட்டுக்குள் போயே ஆக வேண்டும். உள்ளே போனவன் அடுப்பைப் பார்ப்பான். அடுப்பைப் பார்த்தவனுக்குப் பசிக்கும். போர்க்கப்பல் கட்டுகிறவனுக்குக்கூட இவ்வளவு மூளை வேண்டியதில்லை.

தூக்குச்சட்டியை அவன் கதவுக் கைப்பிடியில் மாட்டி, மணியை அழுத்திவிட்டு, எழுபது வயதில் மானாகப் பாய்ந்து என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 15, புதன்

வெற்றி! தூக்குச்சட்டி என் கதவில் தொங்கியது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு கை சீனி. கோட்டைக் கதவு திறந்துவிட்டது.

பிப்ரவரி 18, சனி

பருப்புக்குழம்பு போனது. ரொசாலி வறுத்து இடித்த மசாலாத்தூள் வந்தது, வழிய வழிய. உருளைக்கிழங்கில் கொஞ்சம் தூவிப் பிரட்டினேன். பழைய துறைமுகம் வரைக்கும் தும்மல். நின்றிருந்த ஒரு கப்பல் தும்மிய வேகத்தில் தானாகக் கரையை விட்டுக் கிளம்பியதாகக் கேள்வி.

நன்றாக இருந்தது. ஒரு கிழங்கு மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரி 22, புதன்

மாடிப்படியில் ரெஜினால்ட் எதிரே வந்தான். கோவிலிலிருந்து வருகிறான். நெற்றியில் சாம்பல்.

"அடடே, நீரும் எங்க ஆளா ஆயிட்டீரா? நாங்க குறுக்கப் பூசுவோம், நீரு சிலுவையாப் பூசியிருக்கீரு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன்.

சிரித்தான் என்று எழுத ஆசை. உதடு அசைந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியிலும் நின்றான்.

"இன்னைலேருந்து தவக்காலம் வே. ஒருசந்தி. ஒரு நேரம்தான் சாப்பாடு. சும்மா சும்மா சட்டியைத் தூக்கிட்டு வராதேயும்."

கடவுளே எதிர்க்கட்சியில் நின்றால் நான் என்ன செய்ய? ஆனாலும் ஒரு நேரம் உண்டு என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அந்த ஒரு நேரத்தை மூன்று நேரத்துக்குச் சமமாக்குவது என் பொறுப்பு. பெரிய தூக்குச்சட்டி வாங்கினேன். அதில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஒரு மணிக்கு அவன் வாசலில் சட்டியை மாட்டிவிட்டு ஓடி வந்தேன்.

சாயங்காலம் எலுமிச்சை ஊறுகாய் வந்தது. போன கார்த்திகையில் ரொசாலி போட்டது. எனக்கு அப்போதே ஒரு பாட்டில் தருவதாகச் சொல்லியிருந்தாள். விரலில் தொட்டு நக்கினேன். கல்யாணம் ஆகாதவன் இதைத் தின்றால் அழுவான். நான் அழவில்லை. காரம்.

மார்ச் 1, புதன்

எங்கள் மாடிப்படியில் சுற்றுகிற நோஞ்சான் பூனை ஒன்று புலியாகிவிட்டது. நேற்று என்னைப் பார்த்து உறுமியதில் மூன்றாவது மாடிக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

மார்ச் 5, ஞாயிறு

சீலாக் கருவாடு வந்தது. ஞாயிறாகப் போயிற்று, குலதெய்வம் கண்ணை மூடிக்கொண்டது. பிரின்ஸ்டனுக்குப் போன் செய்து, "உங்கப்பனுக்கு இப்போ தாடை தொங்கி ரெண்டு நாடி வந்தாச்சு, மூணாவது நாடிக்கு இடமில்லை" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் மஸ்கட்டில் மழை.

மார்ச் 8, புதன்

இன்று அவன் பால்கனியில் நின்றிருந்தான். நான் என் பால்கனியிலிருந்து கத்தினேன்.

"சொதி எப்படி வே?"

"நல்லாருந்தது."

"உப்பு?"

"சரியா இருந்தது."

அப்புறம் நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சொதியில் நான் உப்பே போடவில்லை. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில், உப்புப் போடாமலே சரியான உப்பு வரவழைத்தவன் நான் ஒருவன்தான். இதைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும்.

அவன் வேட்டியை இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தான். புது நாகரிகம் போல.

மார்ச் 11, சனி

தூக்குச்சட்டியில் கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு காகிதத்தில் கடுகு, வெந்தயம். என்ன மனுஷன்! சாப்பிடுகிற பொருள் கொடுக்க மாட்டானா?

மார்ச் 14, செவ்வாய்

தூக்குச்சட்டி வெறுமனே வந்தது. துடைத்திருந்தது.

மார்ச் 15, புதன்

காலையில் படி கூட்டுகிற முத்துக்கனி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா வருத்தப்பட மாட்டீயளே?"

"கேளு தாயே. வருத்தத்தைப் பார்த்தே நாளாச்சு."

"பூனைக்குச் சோறு வைக்கது புண்ணியம்தான். அதுக்காக இவ்வளவு தேங்காய்ப் பால் ஊத்தியா சமைக்கணும்? தெனமும் எதிர்வீட்டு சார் மொட்டை மாடிக்குக் கொண்டு போயி ஒரு தட்டுல கொட்டி வைக்காவ. நின்னு அது தின்னு முடிக்க மட்டும் பாத்துட்டுத்தான் எறங்குதாவ. நான் ஒருநாள் 'சார், கொஞ்சம் எனக்குத் தாங்களேன்'னு சிரிப்பாக் கேட்டேன். அன்னைக்கு எனக்குப் பாதி, பூனைக்குப் பாதி."

"எப்படி இருந்தது?" என்றேன். சமைத்தவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

"உப்பில்லை அண்ணாச்சி" என்றாள்.

எதிர்வீட்டுக்குள் போனேன். ரொசாலி போன பிறகு வாசல்படி தாண்டியது இன்றுதான். இதை எழுத வேண்டிய அவசியமில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சமையல்கட்டில் அலமாரி காலி. சீனி டப்பா, மசாலா டப்பா, ஊறுகாய் ஜாடி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் கழுவி, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பைத் துடைத்துத் துணி போட்டு மூடியிருந்தான், ஊருக்குப் போகிறவன் மாதிரி.

ரெஜினால்ட் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"தீந்துட்டு வே," என்றான். "நேத்தோட தீந்துட்டு. உம்ம சட்டியில போட ஒண்ணுமில்லை. மன்னிச்சுக்கிடும்."

"அதுக்கு ஏன் வே எல்லாத்தையும் எனக்குத் தள்ளினீரு?"

"அவ செஞ்சு வச்சதைக் குப்பையில கொட்ட முடியுமா? நானும் வாயில வச்சுப் பாத்தேன். எறங்கல்ல. அவ கை ருசி தெரிஞ்ச ஆளு நீரு ஒருத்தர்தான். நல்லவேளை, சட்டியை அனுப்பினீரு. ஒழிச்சுக் கொடுத்துட்டேன்."

ஆக, பொறி வைத்தவன் நான். தேங்காய்ச்சில்லைத் தின்று தீர்த்தவனும் நான். மசாலா, ஊறுகாய், கருவாடு, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல். அவன் எதற்காகவோ எல்லாவற்றையும் ஒழித்துக்கொண்டிருக்க, நான் இங்கே ஏப்பம் விட்டு வெற்றி முரசு அறைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"சரி வே, என் சொதியையாவது தின்னுருக்கலாம்லா?"

காலி மேஜையைக் கையால் துடைத்தான். பிறகு, "தனியாத் திங்க முடியல்ல வே. மெல்லுத சத்தம் கேக்குது. ஒரு வீட்டுல ஒரே ஒரு ஆளு மெல்லுத சத்தம். அதைக் கேட்டிருக்கீரா?" என்றான்.

வாழ்நாள் பூராவும் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் கேட்டிருக்கிறேன்.

"என்னைக் கூப்பிட்டா வந்திருப்பேம்லா?" என்றேன்.

"சட்டியைத்தான வே அனுப்பினீரு? நீரு வரல்லியே. மணியடிச்சிட்டு ஓடிட்டீரு. கதவைத் தெறந்தா ஆளில்லை, சட்டி தொங்குது."

அவள் இல்லாத மேஜையில் உட்கார எனக்குத் தெம்பு இல்லாமல் ஓடினேன் என்று சொன்னால், கப்பல் தூக்கியவன் மானம் என்ன ஆகும்? "கால்ல முள்ளு" என்று சொல்லிவிட்டேன். மாடிப்படியில் முள்ளு. அவன் கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

அடுப்பின் துணியை எடுத்தேன். இனி இங்கேதான் சமையல். அவன் தட்டுக்கு எதிரே என் தட்டு. நான் ஒரு பட்டாளம் மெல்லுகிற சத்தத்தை ஒரே வாயில் எழுப்பினேன்.

"மாடு மாதிரித் திங்கீரு வே" என்றான். ஒரு கவளம் எடுத்தான். அதை ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தான்.

மார்ச் 19, ஞாயிறு

உலகநாதனாகிய நான் இன்று மீனைக் கையால் தொட்டேன். அது செத்த மீன்தான். ஆனாலும் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தது. செதில் உரிப்பதற்குள் சுவர், கூரை, ரொசாலியின் போட்டோ எல்லாம் வெள்ளி முலாம் பூசிக்கொண்டன. ரெஜினால்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வாலுலேருந்து தலைக்கு வே, வாலுலேருந்து தலைக்கு!" என்று உத்தரவு போட்டான். சிரித்தான். இது நிஜமாகவே சிரிப்பு, பல் தெரிந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டும் வெளியே வந்துவிட்டன. நான் துடைத்தேன். "கொழம்புல மீனே நீந்தியிருக்கும் வே, அவ்வளவு தண்ணி" என்றான், என் மனம் கோணாதிருக்க.

மார்ச் 21, செவ்வாய்

டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டர். ரெஜினால்டை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம், "முன்னாடியே வந்திருக்கணும். இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கு. அட்மிட் பண்ணலாம், டிரிப்ஸ் போடலாம். பெருசா எதிர்பாக்காதீங்க" என்றார். நான் இத்தனை நாளும் அவன் இரண்டு நாடி வைத்துவிட்டதாக மஸ்கட்டுக்கு அறிவித்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில், "என்ன சொன்னாரு?" என்றான் ரெஜினால்ட்.

"நூறு வருஷம் கியாரண்டியாம். அதுக்கு மேல போனா கம்பெனி பொறுப்பில்லையாம்."

"ஆஸ்பத்திரில சேக்கச் சொன்னாரோ?"

"ம்."

"வேண்டாம் வே. அங்க ஆளுக்கொரு கட்டில். ஆளுக்கொரு ரொட்டி. சுவரைப் பாத்துத் திங்கணும்."

கடைசியில் நான் வற்புறுத்தவில்லை. அது சரியா தப்பா என்று தெரியாது. பிரின்ஸ்டனைக் கிளம்பி வரச் சொன்னேன். லீவு கேட்டிருக்கிறானாம்.

மார்ச் 23, வியாழன்

இரண்டு கரண்டி ரசம். அதை ரசம் என்று சொன்னால் ரசம் கோபித்துக்கொள்ளும்.

மார்ச் 24, வெள்ளி

ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும். எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிடவில்லை. "ஒமக்கு என்ன வே ஒருசந்தி? நீரு திருநீறு பூசுத ஆளு. தின்னும்" என்று திட்டினான். தின்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

இன்று எழுத நேரமில்லை. விருந்து.

மார்ச் 28, செவ்வாய்

ரெஜினால்ட் மத்தியானம் போய்விட்டான். நான் அவன் சமையல்கட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "வே, கரைச்சாச்சா?" என்று அவன் குரல் கேட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து பார்ப்பதற்குள் இல்லை.

கரைத்த புளியை என்ன செய்வது என்று தெரியாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 30, வியாழன்

பிரின்ஸ்டன் நேற்று வந்தான். இன்று அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ரொசாலிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி. மண் போடும்போது எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள்.

வீடு திரும்பியதும் கூட்டம் கலைந்தது. பிரின்ஸ்டன் அந்தச் சாப்பாட்டு மேஜையில் அவன் அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். கண் வீங்கியிருந்தது. ரொம்பத் தயங்கிக் கேட்டான்.

"மாமா, கடைசியா அப்பா ஏதாவது சாப்பிட்டாவளா? வயித்துல ஒண்ணுமில்லாமலேதான் போனாவளா?"

ஒரு மனுஷன் இதைவிட நியாயமான கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. நான் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"எலே, என்ன கேட்டுட்ட! ஞாயித்துக்கெழம உங்கப்பன் தின்ன தீனியைப் பாக்க ஊரே மாடிப்படியில நின்னுச்சு. காலைல ஏழு சீலா மீன். ஒவ்வொண்ணும் உன் தோள் ஒசரம். நான் பொரிச்சுப் பொரிச்சுப் போடுதேன், தட்டுல விழுகதுக்கு முன்னால காத்துலயே பிடிச்சுத் திங்கான். சோறு வடிக்கதுக்கு அண்டா பத்தாம, துறைமுகத்துலேருந்து பழைய பாய்லரை இழுத்துட்டு வந்தோம். முள்ளை எல்லாம் கூட்டி வச்சா உங்க கோவில் கோபுரம் தெரியல்ல. சொதி வைக்கத் தேங்கா தீந்து போயி, மாலத்தீவுக்கு ஆளனுப்பினேன். கடைசியில ஏப்பம் விட்டான் பாரு. முத்துக்கனி விளக்குமாத்தோட மூணு படி உருண்டு விழுந்தா. அதுக்கப்புறமும் சட்டியை நீட்டி, 'இன்னும் கொஞ்சம் ஊத்தும் வே'ங்கான்!"

பிரின்ஸ்டன் சிரித்தான். சிரித்துக்கொண்டே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. நிமிர்ந்தபோது, "பொய்தானே மாமா?" என்றான்.

"நான் என்னைக்குலே பொய் சொல்லியிருக்கேன்?"

அவன் சனிக்கிழமை திரும்பிப் போகிறான். வீட்டைப் பூட்டிவிடப் போகிறான். யாராவது குடி வருவார்களா என்று பார்க்கச் சொன்னான். பார்ப்பதாகச் சொன்னேன்.

நம்பாதவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் இல்லை. பாய்லர் இல்லை, மாலத்தீவு இல்லை, ஏப்பம் இல்லை. கஞ்சிதான், குழையக் காய்ச்சியது, கூடக் கொஞ்சம் கொள்ளு அரைத்த கானத்துவையல். நான் எதிரே உட்கார்ந்து என் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் அரைக் கிண்ணம் குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தான். நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊத்தும் வே" என்றான்.

ஊற்றினேன். அதை அவனால் குடிக்க முடியவில்லை. ஆனால் கேட்டான். அது மட்டும் நடந்தது.